நட்சத்திரம் மறையாத பக்கம்

வான் ஆய்வகத்தில் நிழலுக்குக் கணக்குப் போடுவது அவள் வேலை. குறுங்கோள் ஒன்று தூரத்து நட்சத்திரத்தைச் சில நொடிகள் மறைத்துக்கொண்டு போகும். அந்த நிழல் பூமியில் எந்தப் பட்டையில் விழும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பட்டைக்குள் நிற்பவருக்கு நட்சத்திரம் அணைந்து எரியும். வெளியே நிற்பவருக்கு ஒன்றுமே ஆகாது.

அங்கே எல்லோருக்கும் அவள் ‘அண்ணி’. அப்படிக் கூப்பிட்டுப் பழக்கிவிட்டவள் அங்கேயே கணக்குப் போடும் நாத்தனார். அவளை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அண்ணியேதான். சொந்தக் காசில் சூனியம்.

இந்த முறை இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. அண்ணியின் பட்டை உப்பளத்தின் மேல் விழுந்தது. நாத்தனாருடையது வடக்கே, நெடுஞ்சாலையை ஒட்டி. இயக்குநர் நாத்தனாரின் தாளை எடுத்துக்கொண்டார். தொலைநோக்கிகள் எல்லாம் வடக்கே போயின.

“என் தங்கச்சி போட்டா தப்பாது” என்றான் கணவன், சாப்பிட்டுக்கொண்டே.

“அப்போ நான்?”

“நீயும் நல்லாத்தான் போடுவ.”

அந்த ‘நீயும்’ முள்ளாகக் குத்தியது. வீட்டிலிருந்த பழைய தொலைநோக்கியைக் காரில் போட்டுக்கொண்டு தனியாக உப்பளத்துக்குப் போனாள். அந்தி மங்கியது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நேரம் வந்தது, போனது. நட்சத்திரம் குத்துக்கல்லாக அங்கேயே நின்றது.

மேகம் மறைத்துவிட்டது என்று சொன்னால் போதும். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? தன் கணக்கு தப்பு என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

செல்பேசி அடித்தது. நாத்தனார்.

“அண்ணி, இங்க மறைஞ்சுது! உங்க பக்கம்?”

அண்ணி தொலைநோக்கிக்கு மூடியைப் போட்டாள். மறுமுனையில் குரல் இளகியது.

“மேகமா அண்ணி? பரவாயில்ல, அப்படியே எழுதிக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க.”

இரக்கம்! அதுவும் இவளிடமிருந்து! அண்ணிக்குக் காது மடல் சூடேறியது. தோற்றாலும் தோற்கலாம், இவள் தயவில் தப்பிக்கக் கூடாது.

“மேகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வானம் பளிச்சுனு இருக்கு. இங்க மறையல. எழுதிக்கோ.”

மறுமுனையில் ஒரே கூச்சல்.

“அய்யோ அண்ணி! அப்போ நிழல் உங்க வரைக்கும் வரல! அந்தப் பக்கம் ஆளே இல்லையேன்னு தவிச்சிட்டிருந்தேன். நிழலோட ஓரம் தெரிஞ்சுபோச்சு, இனி அந்தக் குறுங்கோளோட அளவையே சொல்லிடலாம். நீங்க மட்டும் இல்லன்னா...”

“சரி சரி, போனை வை.”

அறிக்கையில் நாத்தனார் பெயருக்குக் கீழே அண்ணியின் பெயரும் வந்தது, ‘மறைவு தென்படவில்லை’ என்ற குறிப்போடு. நாத்தனார் அதற்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினாள். கணவன் பூரித்துப்போனான். அண்ணி நாற்காலியை அதற்கு எதிர்ச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அடுத்த நிழலுக்குக் கணக்குப் போட உட்கார்ந்தாள்.