மெத்தை அறையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர்

என் கணவருக்குக் காது மந்தமாகி மூன்று வருடம் ஆகிறது. காதுக்கு மிஷின் வாங்கினோம். பாத்திரச் சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். அதோடு பேச்சும் குறைந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகள் போனில் எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு சிரிப்பார், அவ்வளவுதான் பதில். பழைய பாட்டுக்கு வரிக்கு வரி என்னோடு மல்லுக்கு நிற்கிற மனிதர், பாட்டுக் கேட்பதையும் விட்டுவிட்டார். எனக்குத் தாங்கவில்லை.

நல்ல ஸ்பீக்கர் இருந்தால் மறுபடி கேட்பார் என்று நானாக முடிவு செய்து, காரைக்குடியில் ஒரு கடைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். சுற்றிலும் திரை, காலுக்கடியில் கம்பளம் போட்ட சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பாட்டுப் போட்டார்கள். இரண்டாவது வரியை அவரும் சேர்ந்து முணுமுணுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு தடவ வீட்டுக்கு வந்து ஹாலைப் பாத்துட்டு எது சரியா வரும்னு சொல்றேன் ஆச்சி" என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்டு ஹால்ல நூறு பேரு பந்தியில உக்காரலாம். அதுக்குத் தகுந்தாப்புல பெருசாக் குடுங்க. இதுக்கு நீங்க வந்து வேற பாக்கணுமாக்கும்?"

எங்கள் ஆட்களுக்கே உள்ள கோளாறு இது. வாங்குகிற பொருள் வீட்டுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும், அந்த வீட்டில் இருக்கிறவருக்கு ஏற்றதா என்று யாரும் யோசிப்பதில்லை. ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, அந்தப் பெருமைக்கு மட்டும் பூட்டுக் கிடையாது.

இடுப்பு உயரத்துக்கு இரண்டு பெட்டிகள் வந்து தூண்களுக்கு நடுவில் நின்றன. பாட்டுப் போட்டதும் வீடே அதிர்ந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, கைப்பிடியில் தாளம் போட்டார். "நல்லாருக்கு" என்றார். மகளுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். ஒரு வாரம் தினமும் சாயங்காலம் இதே கச்சேரிதான்.

எட்டாம் நாள், காப்பியோடு வருகிறேன், பாட்டுக்கு நடுவில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எவனோ கொசு மருந்தைப் பற்றிப் படபடவென்று பேசுகிறான். இவர் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

முகத்துக்கு நேரே போய் உட்கார்ந்தேன். "ஒரு வாரமா நடிக்கிறீகளா?"

கண்ணைத் திறந்து, தாளம் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். "நீ ஆசையா வாங்கிட்டு வந்த. சத்தம் வருது, சொல்லு வரலை. எல்லாம் ஒண்ணாக் கொழம்பிக் கெடக்கு."

அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த பாசத்தையும் என் மேல் வந்த ஆத்திரத்தையும் சொல்லி முடியாது. அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு, கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

மறுநாளே வந்தார். குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. ஹால் நடுவில் நின்று ஒரே ஒரு தரம் கை தட்டினார். வழவழத்த சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, எட்டாத உயரத்தில் கூரை. அந்தச் சத்தம் எல்லாவற்றிலும் மோதிவிட்டுச் சாவகாசமாகத் திரும்பி வந்தது.

"பொட்டி மேல தப்பில்ல ஆச்சி. வீடும் கூடச் சேந்து பாடுது, அதான் ஐயாவுக்குச் சொல்லு பிரியலை. சின்ன ரூம் ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. எங்கள் வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனியாக ஓர் அறை உண்டு, பெண் கொண்டுவரும் சீர் எல்லாம் அதற்குள் போய்விடும். எங்கள் ஆத்தா எனக்கு மெத்தை, தலையணை, ஜமுக்காளம் என்று சத்திரத்துக்கு அனுப்புவது போல அனுப்பியிருந்தார்கள். "இம்புட்டு மெத்தையில எந்தப் பட்டாளம் வந்து படுக்கப் போகுது?" என்று மாமியார் கேலி செய்யாத நாள் கிடையாது. நாற்பது வருடமாக அவை கூரை வரை அடுக்கியபடி கிடக்கின்றன. படுத்ததெல்லாம் பூனைதான்.

அந்த அறையில் கடைக்காரர் கை தட்டினார். தட்டிய இடத்திலேயே சத்தம் அடங்கிவிட்டது.

"கடையில கம்பளம் செய்யுற வேலைய இங்குட்டு உங்க மெத்தை செய்யுது. இதுகள மட்டும் எடுத்துறாதீக ஆச்சி."

பெரிய பெட்டிகளை எடுத்துக்கொண்டு, அரிசி அளக்கிற படி அளவில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் கொண்டுவந்து கொடுத்தார். டிரங்குப் பெட்டியின் மேல் வைத்து, அதற்குப் பக்கத்திலேயே என் கணவரின் நாற்காலியைப் போட்டேன். ஹாலில் வைத்த பழக்கத்தில் சத்தத்தை நிறையத் திருகிவிட்டுப் பாட்டைப் போட்டேன். அவர் தாளம் போடவில்லை, தலையும் ஆட்டவில்லை. இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

நாலு வரி போனதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் இப்புடி அலறவிடுற? கொஞ்சம் கொறச்சு வையி."

மூன்று வருடத்தில் அவர் குறைக்கச் சொன்ன முதல் சத்தம். சந்தோஷத்தில் எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் முதலில் கூட்டிவிட்டேன், அதற்கும் ஒரு திட்டு வாங்கிக்கொண்டுதான் குறைத்தேன்.