கவினின் நாலு மேல்பல்

வாயைத் திற என்றால் ஊர்க்கதை முழுக்கக் கொட்டுகிறவர்கள், பல்லைக் காட்டு என்றதும் உதட்டை ஒட்டிக்கொள்வார்கள்; அவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் எங்கள் தொழில். இலங்கை மலைநாட்டில் கொட்டகலைப் பக்கம் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்கிறவள் நான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருநாளாவது உட்கார்ந்திருந்த பாவப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இது.

பூச்சியைக் காட்டுங்க

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற சாந்தி, ஐந்து வயது மகளோடு வந்தாள். மகளுக்கு முன்பல் எல்லாம் கறுத்துக் கரைந்து வெறும் கட்டைதான் மிச்சம். "பூச்சி அரிச்சிருச்சு மிஸ், அதைப் புடிச்சுக் காட்டுங்க" என்று ஒரே பிடி. சரியென்று பல்லோரம் சுரண்டி, வெள்ளையாகப் பசை மாதிரி வந்ததைக் காட்டினேன். "இதுதாம்மா உன் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத கிருமிக் கூட்டம். நாம தின்ன சீனியைத் தின்னுட்டுப் புளிப்பைக் கக்கும். அந்தப் புளிப்புலதான் பல்லு கரையுது."

மகளுக்காவது இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் நிலைப்பல் முளைத்துவிடும். சாந்தியின் இடுப்பிலிருந்த கைக்குழந்தை கவினின் உதட்டையும் தூக்கிப் பார்த்தேன். புதிதாக முளைத்த நாலு மேல்பல்லிலும் ஈறோரம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு, சொத்தையின் முதல் அடையாளம். குழி விழுமுன் நிறுத்தினால் பல் பிழைக்கும், பால் போத்தலில் இனிச் சீனித் தேத்தண்ணி கூடாது என்றேன். சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூத்தவ வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கிறா. இவனையாவது காப்பாத்திக் குடுங்க மிஸ்."

யார் போட்ட சீனி?

அடுத்த மாதம் பார்த்தால் கோடு அகலமாகியிருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், கத்திவிட்டேன். "புள்ள மேல சத்தியமா நான் போடல மிஸ்" என்று அழுதாள். பொய் சொல்கிற முகமில்லை. அவர்கள் தோட்டத்துப் பிள்ளைமடுவத்துக்கே போய்விட்டேன். அம்மாமார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகுமுன் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது.

வரிசையாகத் தூங்குகின்றன, எல்லா வாயிலும் போத்தல்! தூக்கத்தில் எச்சிலும் அதிகம் ஊறாது, பல்லைக் கழுவிவிட நாதியில்லை. கிருமிகளுக்குக் கல்யாண வீடுதான். கவினின் போத்தலை எடுத்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன், பாகு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாரியாயி அக்கா ஒளிக்காமல் சொன்னார்: "பெத்தவ சப்புன்னு குடுத்து அனுப்புறா. நாந்தான் பாவமேன்னு ரெண்டு கரண்டி போடுறேன் மிஸ்."

உதட்டைத் தூக்கிப் பார்

திட்ட வாயெடுத்தேன். பாசத்தை எப்படித் திட்டுவது, நீங்களே சொல்லுங்கள்! அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பிள்ளையின் உதட்டையும் தூக்கிக் காட்டினேன். பாதியிலேயே அவர் முகம் செத்துப்போச்சு. அன்றிலிருந்து தூங்கும்போது கொதித்தாறின தண்ணி மட்டும். பால் குடித்ததும் ஈரத்துணியால் பல் துடைப்பு. பிள்ளைகள் கத்திக் கூரையைப் பிய்த்தன, அக்கா அசையவில்லை. நானும் விடாமல் பல்லைக் கெட்டிப்படுத்தும் மருந்து பூசி வந்தேன்.

சில மாதம் கழித்துக் கவினின் உதட்டைத் தூக்கினேன். கோடு கெட்டிப்பட்டுப் பளபளவென்று இருந்தது, குழியே இல்லை. நாலும் தப்பிவிட்டன! சந்தோஷத்தில் விரலை எடுக்க மறந்தேன், நறுக்! நான் போட்ட சத்தத்தில் சாந்தி சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். "நல்லா கடிக்கட்டும் மிஸ்! மூத்தவ பிஸ்கட்டைக்கூட நனைச்சுத்தான் திங்கிறா."

ஆக மக்களே, பிடுங்கின பல் நன்றி சொன்னதில்லை, காப்பாற்றின பல் சொன்ன நன்றிக்குத்தான் விரலில் பிளாஸ்டர் போட்டிருக்கிறேன்.