விற்காத குப்பி

பிறருக்கு நோய் வந்தால்தான் நமக்குச் சாப்பாடு என்பதை முகத்தில் காட்டாமல் இருப்பதே மருந்துக் கடைத் தொழில். கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாங்கியது

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருடம். சாலைகளில் மரத்தை வெட்டிப் போடப் போகிறார்கள் என்று கள்ளக்குறிச்சி முழுக்கப் பேச்சு. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஏழுமலை என்ற விவசாயி கடைக்கு வந்தார். அவர் மகனுக்குப் பிறவியிலேயே ரத்தம் உறையாத நோய். அடிபட்டால் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பாதை அடைபட்டால் ஓட முடியாது; கள்ளக்குறிச்சி வரை என்றால் வயல் வழியாகவாவது தூக்கி வந்துவிடலாம். வெளிநாட்டு ஊசிமருந்து ஒரு குப்பி வரவழைத்து என் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார். ஊசி போட எதிர்த்தெரு டாக்டர் இருந்தார். விலையில் பாதி இப்போது, மீதி மருந்தை எடுக்கும்போது என்று பேச்சு. பெரிய மனதோடு ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

“ஊருக்கே ஒருத்தனுக்கு இருக்கிற நோவு. அதுக்குப் போய் சரக்கு புடிச்சிருக்கீங்களே, நீங்க வியாபாரம் பண்றீங்களா, வெரதம் இருக்கீங்களா?” என்றாள் மனைவி.

காத்தது

சொன்னபடியே மரங்கள் விழுந்தன. பஸ் நின்றது, கரண்டும் போயிற்று. குப்பி சூடேறக் கூடாதே என்று சோடாக் கடையில் ஐஸ் வாங்கி, பாதி இறக்கிய ஷட்டருக்குள் வாளியோடு குனிந்து நுழையும்போது, கடைகளை மூடச் சொல்லிக்கொண்டு மறியல்காரர்கள் வந்துவிட்டார்கள். பதற்றத்தில் அந்தப் பையனின் நோயை ஒரு டாக்டர் போல விளக்கினேன். அவர்களில் மீசைக்காரர் ஒருவர் வாளியை வாங்கி உள்ளே வைத்தார்.

“ஐஸ் தரலன்னா எங்க பேரச் சொல்லுங்க. ஆனா கடய மட்டும் மூடிக்கினே தொறந்து வையிங்க.”

காலாவதி

மறியல் முடிந்தது. பையனுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. குப்பியின் தேதி நெருங்க நெருங்க, ஏழுமலையைப் பார்த்தால் “பையன் எப்படி இருக்கான்?” என்பேன். “நல்லா இருக்காங்க” என்பார். என் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வேன். மரம் ஏறுகிறானா என்றுகூட ஒருநாள் விசாரித்தேன். என் அக்கறையில் அவர் நெகிழ்ந்து போனார்.

தேதி முடிந்த வாரம் மகனோடு வந்தார். மேசைமேல் சர்க்கரைப் பொங்கலை வைத்தார், பக்கத்தில் மீதிப் பணத்தை. வேண்டாம் என்று சொன்ன என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இவ்வளவு விலையுள்ள மருந்து வீணாகிவிட்டதே என்றேன். பையன் மருந்துப் பொடி நிறுக்கும் தராசுத் தட்டை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தான்.

“இன்னாங்க இப்டி சொல்றீங்க? வீணாப் போவணும்னு வேண்டிக்கினுதான வாங்கினேன்! இன்னொண்ணு சொல்லி வையிங்க, அதுவும் வீணாப் போவட்டும்.”

சரக்கு விற்றுப்போகக் கூடாது என்று சாமி கும்பிடப் பழகிய பிறகு நான் நல்ல மனிதனானேனோ தெரியாது, நல்ல வியாபாரியாக மட்டும் ஆகவே இல்லை.