ஒரு ஆடும் தொலையவில்லை

ஃபேர்லேண்ட்ஸில் என் மகள் படிக்கும் பள்ளியில் ஆண்டு நிறைவு ஜெபம். "சோதனையான இந்த வருஷத்தில் ஒரு ஆட்டைக்கூடத் தொலைக்காமல் காத்தீரே" என்று தாளாளர் உருகினார். மேசையிலிருந்த கேக்கின் எசென்ஸ் வாடை மூக்கில் ஏறியது.

ஜலகண்டாபுரத்தில் நான் பத்தாவது படித்த பள்ளியிலும் இதே வாடை, இதே ஜெபம். என் பக்கத்தில் உட்காரும் செல்வியின் ஜடையில் எப்போதும் தறிப்பஞ்சு ஒட்டியிருக்கும். அரையாண்டில் அவள் கணக்கில் ஃபெயிலானாள். பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி கெட்டுவிடும் என்று டி.சி. கொடுத்துவிட்டார்கள். அவள் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரிய டீச்சரிடம் கெஞ்சினார்.

"புள்ள பரீட்சை மட்டும் எழுதிட்டுப் போவட்டுங்க, டீச்சர்."

"அவளுக்காக ஜெபிக்கிறோம்."

தொலைந்த ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பரின் கதையை எங்களுக்கு நடத்தியதும் அதே டீச்சர்தான். ரிசல்ட் வந்ததும் எங்களுக்கெல்லாம் கேக் வெட்டினார்.

இங்கே என் மகளின் தோழி திவ்யாவையும் பொங்கல் லீவு முடிந்ததும் அப்படித்தான் டி.சி. கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"தேவன் செய்த நன்மையைப் பெற்றோர் யாராவது சாட்சியாகச் சொல்லலாம்" என்றார் தாளாளர். எழுந்துபோய் மைக்கை வாங்கினேன்.

"வாஸ்தவந்தானுங்க ஐயா, ஒரு ஆட்டையும் நீங்க தொலைக்கலீங்க. எல்லாம் நீங்களா தொரத்தி உட்டதுங்க."