எறும்பின் பதினொரு நாள் வேலை

12-3-2013: மருத்துவமனைச் சலவைக்கூடம், கடைசி நாள். சம்பளம் 9,400.
3-6-2013 முதல் 14-6-2013 வரை: விடுதிச் சலவை, ஞாயிறு நீங்கலாகப் பதினொரு நாள். கூலி 3,300.
1-7-2013: விண்ணப்பம். நகல் செலவு 85.
18-9-2013: மறுப்புக் கடிதம்.
11-11-2013: மேல்முறையீடு. முத்திரை 40.

இவை என் தங்கையைப் பற்றிய குறிப்புகள். வீட்டில் அவளுக்கு எறும்பு என்று பெயர். அவள் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடம் ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்துப் போட்டவள். முதுகுத்தண்டு கெட்டு, இடது கால் மரத்துப்போய், வேலையை விட்டு என் வீட்டுக்கு வந்தாள். என் ஓய்வூதியம் என்னோடு முடிந்துவிடும். அதன்பின் அவளுக்கு அரசின் இயலாமை உதவித்தொகையை விட்டால் வேறு கதியில்லை.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். ‘இயலாமை தொடங்கிய பின் வேலை செய்தீர்களா?’ என்று ஒரு கேள்வி.

“இல்லைன்னு போடுண்ணே. பதினொரு நாளு, யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்மா.”

“ஆமா, அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடு நீ!”

ஆம் என்று எழுதி, தேதியும் கூலியும் போட்டேன். ‘நின்ற காரணம்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். என் நோட்டில் காரணம் இல்லை. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் கோடுதான் வினையாயிற்று. ‘காப்பு முடியும் நாள்’ என்று ஒன்று உண்டு. பதிவுள்ள வேலையை விட்டதிலிருந்து தொண்ணூறாம் நாள். இயலாமை அதற்குள் தொடங்கியிருக்க வேண்டும். அவளுக்கு அது ஜூன் 10. ஜூன் 14 வரை வேலை செய்தவளுக்கு இயலாமை 15ஆம் தேதிதான் தொடங்கியது என்றது கடிதம். ஐந்து நாள் தள்ளிப்போனதால் ஒன்றுமே கிடையாது.

அலுவலகம் தந்த கையேட்டை மூன்று முறை படித்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ‘முயன்று கைவிட்ட வேலை’ என்று இருந்தது. தொடங்கிய ஆறு மாதத்துக்குள் அதே நோயால் விட்ட வேலையைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். ஆனால், நேரில் பார்த்தவர் காரணத்தை எழுதித் தர வேண்டும்.

அன்றுதான் கேட்டேன்.

“எதுக்கும்மா வேலைய விட்டே?”

“விழுந்துட்டேன். கால் இருக்கறதே தெரியல. சூப்பர்வைசர் அக்காதான் தூக்கி ஆட்டோவுல ஏத்துனாங்க.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“சொன்னா நோட்டுல எழுதுவே. அப்புறம் என்னை வெளிய விடுவியா?”

எழுதித் தர சூப்பர்வைசர் முதலில் மறுத்தார். பதிவில்லாமல் ஆள் வைத்தது வெளியே தெரிந்தால் முதலாளி சும்மா விடமாட்டாராம். தங்கையே நேரில் போனாள். இரண்டு மாடி ஏற, படியில் நான்கு முறை உட்கார்ந்தாள்.

“இந்தக் காலோடயா ஏறி வந்தே? உனக்கென்ன பைத்தியமா?” என்று திட்டிக்கொண்டே அந்த அம்மாள் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு காத்திருப்புதான். கீழ்வீட்டுத் தையல்காரர் சட்டைகளுக்குப் பித்தான் தைத்துத் தரச் சொன்னார். உட்கார்ந்தே செய்யலாம், கூலியும் உண்டு. நான் வேண்டாமென்றேன். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது அதுவும் வேலைதான்.

“வேலை செஞ்சா நோயாளி இல்லங்கறாங்க. செய்யலன்னா உன் சோத்தத் தின்னுட்டுச் சுவரப் பாத்து உக்காந்திருக்கணும். ஜெயில்லயாவது கல்லு உடைக்க விடுவாங்கண்ணே!”

கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையே பன்னிரண்டடி. சுவரைப் பிடித்தபடி அதிலேயே நடந்தாள். ஒருநாள் என் சட்டைகளில் உறுதியாக இருந்த பித்தான்களை அறுத்துவிட்டு, அவற்றையே மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் ஒவ்வொரு சட்டையின் பித்தான்களும் மூன்று முறை அறுபட்டன.

கடைசிக் கடிதத்தை நான் படிக்க, அவள் நின்றுகொண்டே கேட்டாள். பதினொரு நாளும் முயன்று கைவிட்ட வேலையே. இயலாமை தொடங்கிய நாள் 13-3-2013. உதவித்தொகை அந்நாள் முதல் உண்டு. அடியில் இன்னொரு வரி: கூலிக்கு எந்த வேலை செய்தாலும் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்; தகுதி ஆண்டுதோறும் மறுபடி பரிசீலிக்கப்படும்.

அந்த வரியை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

“அப்ப, கீழ்வீட்டுப் பித்தான்?”

“கூலிக்குன்னா தெரியப்படுத்தணும்மா. அடுத்த வருஷம் கேப்பாங்க.”

அவள் ஊசிப் பெட்டியை எடுத்தாள். நான் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். பிறகு நோட்டில் எழுதினேன். கடிதம் வந்த நாள்: 6-5-2014.