நிறுத்தாமல் வாசித்த பாட்டு

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊருக்கெல்லாம் ஓய்வு, எனக்கு மூன்று பூசை. முப்பத்தாறு வருஷம் இதே கதைதான். கல்யாணமோ, அடக்கமோ, திருவிழாவோ, எதுவானாலும் அந்தக் குறுகலான மரப்படியில் ஏறிப்போய், மாதா கோயிலின் பின்பக்க மாடியில் இருக்கும் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். பெரிய பக்தி என்பார்கள். இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அறுபத்திரண்டு வயதில் முட்டி வலிக்கும்போது பக்தி வந்து கைகொடுத்துப் படியேற்றிவிடாது. நாம்தான் ஏற வேண்டும்.

என் வீட்டுக்காரர் மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடியபிறகு பெரிய மார்க்கெட் பக்கத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். தறிச் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகிவிட்டதால் வீட்டிலும் கத்தல்தான். குழம்பில் உப்பு கம்மி என்று அவர் சொன்னால் எதிர்வீட்டுக்காரி உப்பு ஜாடியோடு வந்து நிற்பாள், அவ்வளவு குரல். அந்த மனுஷன் எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறந்து என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், வசவாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த எட்டு மாதமும் எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது. ஏனென்றால் அவர் விழுந்த அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். அது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆர்கன் வாசிக்கிறவள் பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். கீழே நடப்பதைப் பார்க்கத் தலைக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கும். சாமியார் நன்மை, அதாவது மந்திரித்த அப்பம், கொடுக்க ஆரம்பித்தால் பாட்டு ஆரம்பம், கடைசி ஆள் வாங்கி முடிக்கும்வரை ஓயக்கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு. வெயில் காலத்தில், விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நன்மைக்கு வருகிற வயசானவர்கள் வரிசையிலேயே மயங்கி விழுவார்கள். யார் விழுந்தாலும் நாங்கள் வாசிப்பை நிறுத்த மாட்டோம். நிறுத்தினால் எல்லாத் தலையும் திரும்பும், கூச்சல் கிளம்பும், விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் மொய்த்துவிடும். அதனால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து வாசிக்க வேண்டும். சனம் பாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நகரும். நாலு பேர் அவரைப் பக்கத்துக் கதவு வழியாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அன்றைக்கு நல்ல சித்திரை வெயில். நன்மைப் பாட்டில் இரண்டாம் சரணம் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஒரு வெள்ளைச் சட்டை சரிந்ததைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையில் ஆம்பிளைகள் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டைதான். விழுந்தது வரிசையின் முன்பக்கத்தில். என் வீட்டுக்காரர் எப்போதும் கடைசி ஆளாகத்தான் போவார், கூட்டத்தில் இடிபடப் பிடிக்காது. அன்றைக்கு ஏன் முன்னால் போனாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். "பாவம், யாரோ விழுந்துட்டாங்க" என்று பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தவளிடம் முணுமுணுத்துவிட்டு, வழக்கம்போலச் சத்தத்தைக் கூட்டினேன். ஐந்து சரணமும் முடிந்தது. வரிசை முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். நன்றாக வாசித்தேன் வேறு! அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

பாட்டு முடிந்ததும் உபதேசியார் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். "அம்மா, கீழ வாங்க. விழுந்தது உங்க வீட்டுக்காரருதான். ஆட்டோல கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிட்டாங்க."

நான் வாசித்ததால் ஒன்றும் தாமதமாகவில்லை. பையன்கள் நொடியில் தூக்கிப் போய்விட்டார்கள், டாக்டரும் நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றுதான் சொன்னார். உயிர் தப்பியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. மெல்ல வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். எல்லாம் சரி. தரையில் கிடந்தவருக்கு நினைவு இருந்ததா? மேலே நான் சத்தம் கூட்டியது காதில் விழுந்ததா? கேட்டால் என்னையே பார்ப்பார். "ம்" என்பார். எதற்கும் அதே "ம்"தான்.

மூன்று வாரம் கழித்து நான் மறுபடி படியேறினேன். எதிர்வீட்டுக்காரி அவரைப் பார்த்துக்கொண்டாள். வாசிப்பதை விட்டுவிடுகிறேன் சாமி என்று பங்குச் சாமியாரிடம் சொன்னேன். "மாதா திருநாள் வரைக்கும் பாருங்கம்மா" என்றார். அது முடிந்ததும் "கிறிஸ்மஸ் வரைக்கும்" என்றார். வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து அவரைக் கோரிமேட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பொறுமையின் சிகரம். "சொல்லுங்க ஐயா, அம்மா, அம்மா" என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுப்பாள். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து, குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைத்து நிமிர்ந்தால் எனக்கே நாக்கு தள்ளிவிடும். அலுத்துப் போய்விட்டேன், வேறென்னத்தைச் சொல்ல.

கிறிஸ்மஸ் முடிந்த மறுவாரம் மணிக்கட்டு வீங்கிவிட்டது. இனிமேல் முடியாது என்று வேறு ஒருத்தியை வாசிக்க வைத்தார்கள். விழுந்தபிறகு அன்றைக்குத்தான் அவரைக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நான் முதல்முறையாகக் கீழே, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வருகைப் பாட்டு ஆரம்பித்தது. சட்டென்று காதுக்குப் பக்கத்தில் ஒரு கத்தல். திரும்பினால் இவர்! கோணல் வாயைத் திறந்து, சுதியாவது ஒன்றாவது, வார்த்தை வார்த்தையாகப் பாடிக்கொண்டிருக்கிறார். முதல் சரணம், இரண்டாம் சரணம், ஒரு சொல் பிசகவில்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். இந்த எட்டு மாதம் நான் தொண்டை வறளக் கேட்டதற்கு ஒரு பதில் இல்லை, இப்போது மட்டும் வாய் வந்துவிட்டதா? அப்புறம் அழுகை வந்துவிட்டது. பின்னால் இருந்த பெண் என் தோளைத் தொட்டு, "உங்களுக்குத் தெரியாதாக்கா? மாமா எப்பவும் இப்டிதான் கத்திப் பாடுவாரு. நாங்கல்லாம் சிரிப்போம்" என்றாள். தெரியாது. முப்பத்தாறு வருஷத்தில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பூசை கண்டதில்லையே.

பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் சொன்னதும் அவள் துள்ளிக் குதித்தாள். "சிலருக்குப் பேச்சு வராதும்மா, பாட்டு வரும். வீட்ல எதுவானாலும் மெட்டு போட்டுக் கேளுங்க" என்றாள். நல்ல கூத்து. வெளியே வாசித்த அலுப்பில் வீட்டில் நான் ஒரு நாளும் வாசித்தவள் இல்லை. கட்டிலுக்கடியில் கிடந்த பழைய கீபோர்டை இழுத்துத் துடைத்து வைத்தேன். வீங்கிய கையை விட்டுவிட்டு ஒற்றைக் கையால் வாசித்து, "தண்ணி வேணுமா" என்று பாடினேன். நாலாம் நாள், "தண்ணி வேணும்" என்று அதே மெட்டில் பதில் வந்தது. எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் நின்று கைதட்டினாள். பிறகு காபி வந்தது, கால் வலி வந்தது, ஃபேனைப் போடு என்று வந்தது. எல்லாம் நான் முதலில் பாடிக் கொடுத்தவைதான். அவராக ஒன்றும் பாடவில்லை.

தவக்காலம் தொடங்குகிற நேரம். ஒரு காலையில் எதையோ யோசித்துக்கொண்டு வாசித்தேன். இரண்டு வரி போனபிறகுதான் அது அந்த நன்மைப் பாட்டு என்று புரிந்தது. அவர் விழுந்த நாளிலிருந்து கோயிலிலும், பிறகு வீட்டிலும் அதைத் தவிர்த்து வந்தேன். கையை எடுக்கப் போனேன். அதற்குள் அவர் அந்த மெட்டில் பாடினார். பாட்டு வார்த்தை இல்லை.

"ஏன்... நிறுத்தல..."

நான் பாடிக் கொடுக்காத வார்த்தை. எட்டு மாதமும் அதற்குமேலும் நான் கேட்டுக் காத்திருந்த வார்த்தை அதுதான்.

கவனிக்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். "பார்த்தேங்க. விழுந்ததைப் பார்த்தேன். யாரோன்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்து அதே மெட்டில், மெதுவாக, "யாரோ" என்று பாடினார். கொஞ்சம் மூச்சு வாங்கி மறுபடியும் "யாரோ" என்றார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அந்தக் கோணல் வாயை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியவில்லை. மெட்டுக்குத் துணையாக நான் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் பாடி ஓய்கிறவரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.