நாற்பது கேள்விகள்

பட்டறையில் அவருக்கு ‘ருஷ்யா’ என்றுதான் பெயர். லேத்தில் தண்டு கடைந்துகொண்டிருக்கும்போது பக்கத்து மிஷின்காரர் சீண்டுவார்:

“என்ன ருஷ்யா, உங்க ஜார் மன்னர் சாப்பிட்டாரா?”

“அவரைச் சுட்டு நூறு வருசம் ஆகப்போவுது. நீ இன்னும் சோறு போட்டுக்கிட்டு இருக்கியே!”

இருபது வயதில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ருஷ்ய வரலாற்றுப் படப்புத்தகம் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. படங்களுக்குக் கீழே என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்க அகராதி வாங்கி, தட்டுத்தடுமாறி மொழியையும் தானே கற்றார். அந்த மண்ணை மிதித்ததில்லை. ஆனால் லெனின்கிராடில் எந்தப் பாலத்தைத் தாண்டினால் எந்தத் தெரு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

பத்திரிகை ஒன்றின் பேனா நட்புப் பகுதி வழியாக அந்த நகரத்து வரலாற்று ஆசிரியை ஒருவர் பழக்கமானார். இவர் ருஷ்ய மொழியில் எழுதிய முதல் கடிதத்தை அந்தம்மா சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். இவருக்கு மானம் போய்விட்டது. மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பார்க்காமல் ஒரு பீஸையும் கைவிடாத மனிதர், அன்றிலிருந்து கடிதத்தையும் கடையத் தொடங்கினார். ஒரு பதிலை நாலைந்து முறை திருத்தி எழுதுவார். வருடத்துக்கு இரண்டு கடிதம் போனால் பெரிது. முப்பது வருடம் இப்படியே ஓடியது.

ஒருநாள் ஆசிரியை எழுதினார்: ‘போரில் ஜெர்மானியர் எங்கள் நகரத்தை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டபோது எனக்கு எட்டு வயது. அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது. கேளுங்கள். எண்பத்திரண்டு ஆகிவிட்டது, தாமதிக்க வேண்டாம்.’

அவருக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தில் படித்ததை, பட்டவர் வாயாலேயே கேட்கப்போகிறார். கேள்விகளை எழுத உட்கார்ந்தார்.

“‘சொல்லுங்கம்மா’ன்னு ஒரு வரி போட்டா போதாதா?” என்றாள் மனைவி.

“கேள்வி தப்பா இருந்தா பதிலும் தப்பாத்தான் வரும்.”

எட்டு மாதத்தில் நாற்பது கேள்விகள் தேறின. தபாலில் சேர்ப்பதற்குள் ஆசிரியையின் மகளிடமிருந்து கடிதம் வந்தது. அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகிறதாம். ‘கடைசிவரை தினமும் தபால்பெட்டியைப் பார்த்து வரச் சொன்னாள். அவர் இன்னும் பிழை பார்த்துக்கொண்டிருப்பார் என்று உங்களைச் சொல்லிச் சிரிப்பாள். எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்ல நினைத்தாள் என்று உங்களுக்காவது தெரியுமா?’

அவர் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு கேள்வித்தாள்களை எடுத்துவந்து, மனைவிக்குத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னார். ரொட்டி எத்தனை கிராம் கொடுத்தார்கள்? டிராம் எந்தத் தேதியில் நின்றது? உறைந்த ஏரிமேல் உணவு ஏற்றிக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை லாரி வந்தது?

“எல்லாம் எத்தனை, எப்பன்னே இருக்கே,” என்றாள் அவள். “எட்டு வயசுப் புள்ளை அது. கூட யார் இருந்தாங்க, யார் செத்தாங்கன்னு கேக்கலையா?”

தாள்களைப் புரட்டினார். இல்லை.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே நீ.”

“இன்னிக்குத்தானே படிச்சுக் காட்டுறீங்க.”

மறுநாள் பட்டறைக்குப் போகிற வழியில் ஆசிரியையின் மகளுக்குப் பதில் போட்டார். இரண்டே வரி. ‘எனக்குத் தெரியாது. நான் கேட்கவேயில்லை.’